முதுமலை - பந்திப்பூர் வீக்எண்ட் ட்ரிப்: தெப்பக்காடா, மசினகுடியா, பந்திப்பூரா, எங்க ரூம் போடலாம்?

முதுமலை பக்கம் கார்ல ஒரு வீக்எண்ட் போறோம்னு சொல்றவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது எந்த ரிசார்ட் நல்லாருக்கும்னுதான். நான் திருப்பிக் கேக்கறது, எந்த ஊர்ல இருந்து வர்றீங்க, எத்தன மணிக்கு வந்து சேருவீங்க. ஏன்னா இந்தக் காட்டுக்கு நேரம் இருக்கு, வழி இருக்கு, அது ரெண்டும் தெரியாம ரூம் ஃபோட்டோ மட்டும் பாத்து புக் பண்ணா சனிக்கிழமை முழுக்க ரோட்லயே போயிடும்.

மொதல்ல மைசூர் பக்கம். முதுமலைக் காட்டுக்குள்ள இருக்கற தெப்பக்காட்டுல இருந்து பந்திப்பூர் வழியா கர்நாடகாவுல இருக்கற குண்டல்பேட் போற ரோடு ராத்திரி 9 மணிக்கு மூடுனா மறுநாள் காலைல 6 மணிக்குத்தான் தொறப்பாங்க, 2009ல இருந்தே இப்படித்தான். பெங்களூர்ல ஆஃபீஸ் முடிச்சு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கெளம்பறவங்க அன்னிக்கே மசினகுடி போய் சேந்துடலாம்னு கணக்குப் போடாதீங்க, அந்த ட்ராஃபிக்கத் தாண்டி 9 மணிக்குள்ள அங்க வர்றது நடக்காத காரியம். பேசாம மைசூர்ல தங்கிட்டு விடியகாலைல கெளம்புங்க.

கோயம்புத்தூர் பக்கம் இருந்து வர்றவங்களுக்கு வேற கணக்கு. மேப்ல பாத்தா ஊட்டில இருந்து மசினகுடிக்கு கல்லட்டி வழியா 30 கிலோமீட்டர் சொச்சம்தான் காட்டும், 36 கொண்டை ஊசி வளைவு, ஆனா வெளியூர் வண்டிய அந்த வழியா கீழ எறங்க விட மாட்டாங்க, ரொம்ப செங்குத்தான எறக்கம், பிரேக் சூடாகிப் போய் எத்தனையோ ஆக்ஸிடெண்ட் ஆயிருக்கு. திரும்பி வர்றப்போ மசினகுடில இருந்து மேல ஏறலாம். போறப்போ பைக்காரா, கூடலூர், தெப்பக்காடுன்னு சுத்திதான் வரணும், அது 70 கிலோமீட்டருக்கு மேல வரும். அதனால கோவை ஆளுங்க காலைல டிபன் சாப்ட்டு கெளம்பினா மதிய சஃபாரியப் பிடிக்கறதே சிரமம். விடியறதுக்கு முன்னாடி வண்டிய எடுத்தா சரியா இருக்கும். 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வேற வேணும், அத வீட்லயே எடுத்து வெச்சுக்கோங்க, செக்போஸ்ட்ல நின்னு ஃபோன்ல ஓடிபிக்கு காத்துட்டு இருக்கறது பெரிய அவஸ்தை.

இப்போ தங்கற எடம். என்னோட ஓட்டு தெப்பக்காட்டுக்குத்தான், அதுவும் வனத்துறையோட சில்வன் லாட்ஜ். மாயாறு பக்கத்துலயே இருக்கு. டிவி, நீச்சல் குளம், பஃபே எதுவும் எதிர்பாக்காதீங்க, கட்டில், மெத்தை, பாத்ரூம், முன்னாடி ஒரு வராண்டா, அவ்ளோதான், சாப்பாடு முன்கூட்டியே சொல்லி வெச்சுடணும். ஆனா அந்த வராண்டா இருக்கே, அதுக்குத்தான் நான் காசு குடுக்கறேன். காலைல அஞ்சே முக்காலுக்கு எழுந்து போர்வையப் போத்திகிட்டு அங்க உக்காந்தா எதிர்ல ஆத்தங்கரைல புள்ளிமான் கூட்டம் மேஞ்சுட்டு இருக்கும். நாங்க இருந்தப்போ திடீர்னு அத்தனையும் ஒரே பக்கமா தலையத் தூக்குச்சு, ஒரு ஆண் மான் முன்னங்கால தரைல ஓங்கித் தட்டிட்டு கீச்சுனு ஒரு குரல் குடுத்துச்சு, மேல மரத்துல மந்தி கத்த ஆரம்பிச்சுடுச்சு. எங்கப்பா டீ டம்ளர கைல வெச்சுட்டு அப்படியே உக்காந்துட்டார், குடிக்கவே இல்ல. என்ன வந்துச்சுன்னு எங்க கண்ணுக்குப் படல. வாட்ச்சர் அண்ணன் வந்து "ஐயா, அந்தப் பக்கம் மூங்கில்ல செந்நாய் கூட்டம் போகுது, பேசாம இருங்க"ன்னு மெதுவா சொல்லிட்டுப் போனார். இதுக்கு எந்த சஃபாரி டிக்கெட்டும் வாங்கல, ரூம் வாசல்ல உக்காந்திருந்தோம், அவ்ளோதான்.

தெப்பக்காட்டுல தங்கினா இன்னொரு லாபம், எல்லாமே நடக்கற தூரம். சஃபாரி வண்டி கெளம்பற வரவேற்பு மையம் அங்கயேதான், சொந்த வண்டிய காட்டுக்குள்ள விட மாட்டாங்க, வனத்துறை வண்டிலதான் போகணும். மசினகுடில தங்கினவங்க ஏழெட்டு கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு வந்து நிக்கறப்போ நீங்க பல்லு வெளக்கிட்டு வந்து நின்னா போதும். யானை முகாமும் பக்கத்துலயே. காலைலயும் சாயங்காலமும் சாப்பாடு குடுக்கற நேரத்துக்கு கண்டிப்பா போய்ப் பாருங்க, ராகி, கொள்ளு, அரிசி எல்லாம் வேகவெச்சு வெல்லம், உப்பு, தேங்காய் சேத்து பெரிய பெரிய உருண்டையா பிடிச்சு பாகனும் அவருக்கு உதவியா இருக்கற காவடியும் ஒவ்வொரு யானைக்கும் வாய்க்குள்ளயே வெக்கறாங்க, எந்த யானைக்கு எவ்ளோன்னு போர்டுல எழுதியே வெச்சிருக்காங்க. எங்க அக்கா பையன் அந்த போர்ட முழுசா படிச்சுட்டு, இதுக்கு மட்டும் ஏன் வெல்லம் கம்மின்னு கேட்டான், வயசாயிடுச்சு தம்பின்னு காவடி அண்ணன் பொறுமையா பதில் சொன்னார்.

சில்வன் கெடைக்கலன்னா அங்கயே லாக் ஹவுஸ் இருக்கு, கார்குடியிலயும் அபயாரண்யத்துலயும் ரெஸ்ட் ஹவுஸ் இருக்கு. ஃப்ரெண்ட்ஸ் கேங்கா போனா டார்மிட்டரி பாருங்க. எல்லாம் முதுமலை புலிகள் காப்பகத்தோட வெப்சைட்லயே புக் பண்ணலாம், ஆனா ரூம் ரொம்பக் கொஞ்சம், சனிக்கிழமைக்கு எல்லாம் சட்டுனு போயிடும். வாரநாள்ல ஒரு லீவு போட முடிஞ்சா போட்டுடுங்க. பொழுது சாஞ்சா வெளிய நடமாட விட மாட்டாங்க, அது சரியான ரூல், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அந்த எடம் நம்மளுது இல்ல.

மசினகுடி பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா ஆப்ல தேடினா மொதல்ல வர்றது எல்லாம் இந்தப் பக்கம்தான், பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம். எடம் அழகு, நீலகிரி மலைச்சரிவு செவுரு மாதிரி எதிர்ல நிக்கும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒரு தடவ சொந்தக்காரங்க புக் பண்ண ஒரு தனியார் ரிசார்ட்டுக்குப் போனோம், பேர் வேண்டாம், ராத்திரி பத்தரை வரைக்கும் ஸ்பீக்கர் அலறுச்சு, நெருப்பு மூட்டி சுத்தி ஆட்டம், அப்புறம் ஒரு பையன் ரூம் ரூமா வந்து "சார், நைட் சஃபாரி போலாமா, யானை கேரண்டி"ன்னு கேக்கறான். ராத்திரி சஃபாரின்னு ஒண்ணு அங்க கெடையவே கெடையாது, அது சட்டவிரோதம். மாமா அவன்கிட்ட வேண்டாம்பான்னு சொல்லி அனுப்பிட்டார், ஆனா பக்கத்து ரூம்காரங்க போனாங்க, பெரிய லைட்ட அடிச்சுட்டு ஜீப் போற சத்தம் எங்களுக்கு ரொம்ப நேரம் கேட்டுச்சு.

இதுல எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னா மசினகுடி இருக்கற அந்த சீகூர் பீடபூமி சாதாரண எடம் இல்ல. ஒரு பக்கம் நீலகிரி மலைச்சரிவு, இன்னொரு பக்கம் மாயாறு பள்ளத்தாக்கு, நடுவுல இருக்கற கொஞ்ச எடத்துலதான் யானைங்க மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் போய் வருது. அந்த வழியிலதான் வேலி போட்டு ரிசார்ட் கட்டியிருந்தாங்க. 2011ல சென்னை ஹைகோர்ட் யானை வழித்தடம்தான் முக்கியம்னு சொல்லிடுச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட் உத்தரவுல ரிசார்ட்டுங்களுக்கு சீல் வெச்சாங்க, 2020 அக்டோபர்ல ஹைகோர்ட் தீர்ப்பு சரின்னு சுப்ரீம் கோர்ட்டே உறுதி பண்ணிடுச்சு. அதுக்கப்புறமும் 2021 ஜனவரியில என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், தங்கற எடத்துப் பக்கம் வந்த ஒரு ஆண் யானை மேல எரியற டயர வீசுனாங்க, அந்த யானை செத்தே போச்சு. அந்த வீடியோவப் பாத்த யாரும் மசினகுடில ரூம் போடறப்போ ரெண்டு கேள்வி கேக்காம இருக்க முடியாது.

மசினகுடில தங்கக் கூடாதுன்னு நான் சொல்லல. ஊர்க்காரங்க பொழப்பே சுற்றுலாதான், ஊருக்குள்ள, கடைத்தெருவ ஒட்டி, லைசென்ஸ் வாங்கி ஒழுங்கா நடத்தறவங்க இருக்காங்க. ஃபோன் பண்ணி லைசென்ஸ் இருக்கான்னு நேராவே கேளுங்க. அப்புறம் நைட் சஃபாரி உண்டா, கேம்ப் ஃபயர் உண்டா, மியூசிக் உண்டான்னு ஆசையா கேக்கற மாதிரி கேட்டுப் பாருங்க. எல்லாத்துக்கும் உண்டு உண்டுன்னு சொன்னா ஃபோன வெச்சுடுங்க. அங்க ஜீப்ல கூட்டிட்டுப் போறது சிங்காரா, மாயாறு பக்கம் ரோடுகள்லதான், காப்பகத்துக்குள்ள இல்ல, அதையும் தெரிஞ்சுட்டு காசு குடுங்க. மாசி மாசம் பொக்காபுரம் மாரியம்மன் கோயில் திருவிழா வரும், சாமி கும்பிடப் போறவங்களுக்கு விசேஷம், காடு பாக்கப் போறவங்க அந்த வாரத்தத் தவிர்க்கறது நல்லது.

கக்கநல்லா செக்போஸ்ட் தாண்டினா கர்நாடகா. அங்க பந்திப்பூர் பக்கம் மேல்கமனஹள்ளில ஜங்கிள் லாட்ஜஸோட பந்திப்பூர் சஃபாரி லாட்ஜ் இருக்கு, கர்நாடக அரசு நிறுவனம்தான். ரேட்டப் பாத்ததும் மலைப்பா இருக்கும், ஆனா அது ஆளுக்கு இவ்ளோன்னு போடற ரேட், அதுலயே சாப்பாடு, மதிய சஃபாரி, மறுநாள் காலை சஃபாரி எல்லாம் அடக்கம். தனியார் ரிசார்ட்ல ரூம் வாடகை, சாப்பாடு, சஃபாரின்னு தனித்தனியா கூட்டிப் பாத்தா பெரிய வித்தியாசம் வராது. கூட வந்து காட்டப் பத்தி சொல்லிக் குடுக்கற நேச்சுரலிஸ்ட் வெறுமனே புலி புலின்னு ஓட்டிட்டுப் போகாம நின்னு கழுகு காட்டுவார், மரத்துல கரடி கீறின தடம் காட்டுவார், அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. புலி பாக்கணும்னு ஒரே ஆசையோட வர்றவங்களுக்கு, மைசூர், பெங்களூர்ல இருந்து வர்றவங்களுக்கு இதான் பெஸ்ட். மதியத்துக்குள்ள செக்-இன் பண்ணிடணும், லேட்டானா சஃபாரி வண்டி நமக்காக நிக்காது. 2025 நவம்பர்ல மனுஷங்கள புலி தாக்கினதுனால பந்திப்பூர்லயும் நாகரஹொளேலயும் சஃபாரிய நிறுத்தி வெச்சாங்க, அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி சஃபாரி ஓடுதான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. முதுமலையிலயும் பிப்ரவரி, மார்ச்ல காட்டுத்தீ பயத்துல மூடறது உண்டு.

ரெண்டு ராத்திரி கெடைச்சா ஒண்ணு தெப்பக்காடு, ஒண்ணு பந்திப்பூர். நடுவுல தூரம் ரொம்ப இல்ல, ஆனா அந்த ரோட்ட மெதுவா, பகல்ல, வண்டிய எங்கயும் நிறுத்தாம, கண்ணாடிய ஏத்திட்டு ஓட்டுங்க, நிறுத்தினா ஃபைன். கர்நாடகாவுல இருக்கற கபினி காட்டையும் இதுல சேக்கலாமான்னு நெறைய பேர் கேக்கறாங்க, வேண்டாம், அத ஏப்ரல், மே மாசம் நீர்த்தேக்கம் வத்தி யானைக்கூட்டம் கரைல எறங்கறப்போ தனியா ஒரு ட்ரிப்பா வெச்சுக்கோங்க. ஒரே ராத்திரிதான்னா, சின்னப் பசங்களும் வயசானவங்களும் கூட இருந்தா தெப்பக்காடு, அவங்களுக்கு ஜீப்ல குலுங்கறத விட யானை முகாமும் அந்த வராண்டாவும்தான் சுகம். சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் நீலகிரில தடை, வீட்ல இருந்தே ஸ்டீல் பாட்டில் ரெண்டு மூணு எடுத்துட்டுப் போங்க. பெட்ரோல கூடலூர்லயோ குண்டல்பேட்லயோ ஃபுல் பண்ணிக்கோங்க.