நெட்வொர்க் மார்க்கெட்டிங் பயிற்சிக்குச் சேரப்போகிறவர்களே, பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிடாதீர்கள்

நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில், அதாவது பொருளை விற்பதோடு நமக்குக் கீழே ஆட்களையும் சேர்த்து அவர்கள் விற்பனையிலும் பங்கு பெறும் தொழிலில், டீம் வளர்ப்பது எப்படி என்று கற்றுத்தருவதாகச் சொல்லி இணையத்தில் வகுப்பு நடத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் ஒருவரிடம் பணம் கட்டி நான் பட்டதை எழுதுகிறேன். இந்தத் தொழில் நல்லதா கெட்டதா என்ற பழைய வழக்கை இங்கே அவிழ்க்கப் போவதில்லை. ஏற்கெனவே ஏதோவொரு கம்பெனியில் சேர்ந்து, கீழே ஆள் சேராமல் திணறிக்கொண்டு, யாராவது வழி சொன்னால் தேவலை என்று இருப்பவர்கள் மட்டும் படித்தால் போதும். இவர்கள் குறிவைப்பது உங்களைத்தான்.

எல்லாம் ஓர் இலவச வகுப்பில் தொடங்கியது. முக்கால்வாசி நேரம் பயிற்சியாளரின் சொந்தக் கதை: கடன், அவமானம், பிறகு ஒரு 'சிஸ்டம்', பிறகு விமான நிலையத்தில் எடுத்த படங்கள். கடைசியில்தான் கட்டணம் திரையில் வந்தது. வந்த வேகத்தில் அடித்துத் திருத்தப்பட்டுப் பாதியானது. நள்ளிரவுக்குள் கட்டினால்தான் அந்த விலை என்று ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது. மறுநாள் காலை அதே பக்கத்தைத் திறந்தால் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது! பாதியான கட்டணமே என் மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேல். பதிலுக்கு அவர்கள் வாக்களித்தவை மூன்று: தனிப்பட்ட வழிகாட்டுதல், என் பொருளுக்கென்றே எழுதப்பட்ட உரையாடல்கள், பலன் இல்லையென்றால் முழுப்பணமும் திருப்பித் தருதல்.

வந்து சேர்ந்தவை பழைய வீடியோப் பதிவுகள். நான் விற்பது சோப்பும் துணி துவைக்கும் திரவமும். எனக்கென்று எழுதியதாக வந்த உரையாடலின் நடுவே, "இதன் வடிகட்டியை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்" என்று ஒரு வரி இருந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்ற யாருக்கோ எழுதியதைப் பெயர் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதையும் முழுதாகப் படித்து மாற்றவில்லை. குழுவில் கேட்டேன். "லீடர்கள் வார்த்தையைப் பார்ப்பதில்லை, உணர்வைப் பார்ப்பார்கள்" என்று உதவியாளர் ஒருவர் பதில் போட்டார். மாலைக்குள் என் கேள்வி அழிக்கப்பட்டிருந்தது. அவர் பதில் மட்டும் ஏதோ பொன்மொழி போலத் தனியாக நின்றது.

இதுவரை நடந்தது சாதாரண ஏமாற்று. சொல்ல வந்தது இனிமேல்தான்.

முதல் பாடத்தின் வீட்டுவேலை பெயர்ப் பட்டியல். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. சேர்ந்த அன்றே அப்லைன் (நம்மைச் சேர்த்துவிட்ட மேல்வரிசைக்காரர்) ஒரு நோட்டைக் கொடுத்து, தெரிந்தவர்கள் நூறு பேரை எழுதச் சொல்வார். இவர்கள் நோட்டில் எழுத விடவில்லை. தங்கள் ஆப்பில்தான் ஏற்ற வேண்டும். நூறு பெயர் நிறையாமல் இரண்டாம் பாடம் திறக்காது. ஒவ்வொரு பெயருக்கும் தொலைபேசி எண், தொழில், உறவுமுறை, கடைசியாகத் 'தேவை' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் தட்டினால் ஒரு பட்டியல் விரியும்: கடன், வேலையிழப்பு, ஓய்வு பெற்றவர், குழந்தை பிறந்து வீட்டில் இருப்பவர், தனிமை. நினைவுபடுத்திக்கொள்ள உதவும் என்று கூடவே ஒரு கேள்வித்தாளும் வந்தது. உடன் படித்தவர்கள் யார், பழைய அலுவலகத்தில் யார் என்று சாதுவாகத் தொடங்கும் அந்தத் தாளில் கடைசிப் பக்கத்தில் இருந்த கேள்வி இது: "உங்களிடம் 'முடியாது' என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் யார் யார்?"

இப்படி ஒரு கேள்வியை உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தைத்தான் இவர்கள் முதலாகப் போட்டுத் தொழில் செய்கிறார்கள்.

சில வாரங்கள் கழித்து என் சித்தி மகள் கூப்பிட்டாள். அவளுக்கு அப்போது வேலை போயிருந்தது. அது வீட்டாருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். முன்பின் அறியாத ஒரு பெண் அவளைத் தொலைபேசியில் அழைத்து, "உங்களுக்கு வேலை போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம், உங்கள் நலம் விரும்பி ஒருவர் எண் கொடுத்தார்" என்று ஆரம்பித்து, அரை மணி நேரம் பேசி, ஒரு கூட்டத்துக்கு அழைத்திருக்கிறாள். எந்தக் கம்பெனி என்று கேட்டதற்கு, "நேரில் பார்த்தால்தான் புரியும்" என்பதே பதில். இவள் கெட்டிக்காரி, விடாமல் கேட்டுப் பெயரை வாங்கிவிட்டாள். நான் இருக்கும் கம்பெனி இல்லை. வேறொன்று. அதில் மேல்வரிசையில் இருப்பவர் என் பயிற்சியாளர்!

"என் வேலை போன விஷயத்தை யாரிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாய் அக்கா?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் கூட இல்லை.

பிறகு ஒவ்வொருவராக விசாரித்தேன். என் பட்டியலில் 'ஓய்வு பெற்றவர்' என்று குறித்த ஒருவருக்கு முதலீட்டுப் பேச்சு போயிருக்கிறது. 'குழந்தை பிறந்து வீட்டில் இருப்பவர்' என்று குறித்த தோழிக்கு, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று செய்தி போயிருக்கிறது. கட்டத்துக்கேற்ற தூண்டில். டீம் வளர்க்க எனக்குச் சொல்லித்தருவதாகச் சொன்னவர், என் உறவையும் நட்பையும் கொண்டு தன் டீமை வளர்த்துக்கொண்டிருந்தார். அதற்கான கட்டணத்தையும் என்னிடமே வாங்கிக்கொண்டார்.

பயிற்சியாளரிடம் நேரடியாகப் பேசப் பெரும்பாடு பட்டேன். கிடைத்தபோது அவர் குரலில் தேன் வழிந்தது. விதிமுறைகளில், 'பயனர் ஏற்றும் தொடர்புகளை வணிகக் கூட்டாளிகளுடன் பகிர்ந்துகொள்வோம்' என்று ஒரு வரி இருக்கிறதாம். நான் 'சம்மதம்' தட்டியிருக்கிறேனாம். என் சம்மதம் இருக்கட்டும், பட்டியலில் உள்ள நூறு பேரின் சம்மதம் எங்கே என்று கேட்டேன். "பற்றாக்குறை மனநிலையில் பேசாதீர்கள் சகோதரி. உலகத்தில் எண்ணூறு கோடிப் பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் இடம் இருக்கிறது" என்றார்.

சரி, அந்த எண்ணூறு கோடியையே எடுத்துக்கொள்வோம். அவருடைய வகுப்பில் ஒரு வரைபடம் உண்டு. நீங்கள் 6 பேரைச் சேர்க்கிறீர்கள், அவர்கள் ஆளுக்கு 6 பேர், அது 36. பிறகு 216, பிறகு 1,296. பலகை அத்துடன் நின்றுவிடும். பயிற்சியாளர் அடுத்த வரிகளை எழுதுவதில்லை. எழுதிப் பாருங்கள்: பத்தாவது நிலையில் 6 கோடியைத் தாண்டும். பன்னிரண்டாவதில் சுமார் 218 கோடி. பதின்மூன்றாவதில் 1,306 கோடி, அதாவது பச்சைக் குழந்தைகளைச் சேர்த்தாலும் உலகில் அத்தனை பேர் இல்லை. இதைவிட முக்கியமான கணக்கு இன்னொன்று. இந்த மரம் எந்த நிலையில் நின்றாலும், மொத்த ஆட்களில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கினர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் கிடையாது. எவ்வளவு சிறந்த பயிற்சி கொடுத்தாலும் அந்த விகிதம் மாறாது. அது வரைபடத்திலேயே இருக்கிறது. ஆனாலும் கடைசி வரிசையில் இருப்பவரிடம், "உங்கள் மனநிலைதான் தடை, அடுத்த நிலைப் பயிற்சிக்கு வாருங்கள்" என்று சொல்லி மறுபடி பணம் வாங்க முடிகிறது. அந்த வரிசை காலியாகவே ஆகாத வாடிக்கையாளர் கூட்டம்.

வெறும் பேனாக் கணக்கு என்று தள்ளுகிறவர்கள் இதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் வணிக மோசடிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இத்தகைய கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட 70 வருமான அறிக்கைகளை அதன் அலுவலர்கள் படித்துப் பார்த்தார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது ஆண்டுக்கு 1,000 டாலர் அல்லது அதற்கும் குறைவு. மாதத்துக்கு 84 டாலர் கூடத் தேறவில்லை. குறைந்தது 17 கம்பெனிகளில் பெரும்பாலோர் எதுவுமே பெறவில்லை. இதில் செலவு கழிக்கப்படவில்லை. கம்பெனிக் கணக்கில் 'ஆக்டிவ்' உறுப்பினராக நீடிப்பதற்காக மாதாமாதம் நாமே வாங்கிக் குவிக்கும் பொருள், கூட்டத்துக்கு டிக்கெட், இதுபோன்ற பயிற்சிக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். உங்கள் பயிற்சியாளர் காட்டும் வருமானப் படங்களில் எவ்வளவு தொகை பொருளிலிருந்து வந்தது, எவ்வளவு பயிற்சி விற்றதிலிருந்து வந்தது என்று கேளுங்கள். என் பயிற்சியாளர் பிரித்துச் சொல்லவே இல்லை. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவதாகச் சொன்ன கதைதான்.

இன்னொன்று எனக்குப் பிற்பாடு உறைத்தது. அத்தனை வீடியோக்களில் ஒன்றில் கூட, சோப்பை ஒரு வாடிக்கையாளரிடம் எப்படி விற்பது, அவர் மறுபடி வாங்குவதற்கு என்ன செய்வது என்று இல்லை. முழுக்க முழுக்க ஆள் சேர்ப்பு. நேரலை வகுப்பில் கேட்டபோது, "கடைக்காரரைப் போல யோசிக்காதீர்கள், சாம்ராஜ்யம் கட்டுங்கள்" என்றார். ஆனால் சட்டம் கடைக்காரரைப் போலத்தான் யோசிக்கிறது. 1979இல் ஆம்வே என்ற நெட்வொர்க் மார்க்கெட்டிங் கம்பெனியின் வழக்கில் அதே அமெரிக்கக் கமிஷன், அந்தக் கம்பெனி பிரமிட் திட்டமல்ல, அதாவது பொருள் விற்பனையை விட ஆள் சேர்ப்பதிலேயே பணம் பார்க்கும் திட்டமல்ல, என்று முடிவு செய்ததற்குக் காரணமாக இருந்தவை அதன் சில விதிகள்: வாங்கிய சரக்கில் 70 சதவீதமாவது விற்றாக வேண்டும், மாதம் பத்து வெவ்வேறு வாடிக்கையாளருக்கு விற்றதைக் காட்ட வேண்டும், விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். 2016இல் ஹெர்பாலைஃப் என்ற இன்னொரு கம்பெனி 20 கோடி டாலர் கொடுத்து அந்தக் கமிஷனின் வழக்கைத் தீர்த்துக்கொண்டபோதும், விநியோகஸ்தர்களுக்குத் தரும் வெகுமதியில் மூன்றில் இரண்டு பங்காவது சரிபார்க்கப்பட்ட சில்லறை விற்பனையிலிருந்து வர வேண்டும் என்பது நிபந்தனை. சிங்கப்பூரில் 1973லிருந்தே பிரமிட் விற்பனைக்கு எதிரான சட்டம் இருக்கிறது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் பிரமிட் திட்டத்தைத் தடை செய்கின்றன. விற்பனையைப் பற்றிப் பேசாமல் ஆள் சேர்ப்பை மட்டும் கற்றுத்தருகிறவர், நாளைக்கு நீங்கள் மாட்டிக்கொள்ளும் வேலையை உங்களுக்குச் சொல்லித்தருகிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'முழுப்பணமும்' என்பதற்கு நிபந்தனைகள் உண்டு. தினமும் இருபது பேரிடம் பேசியதற்கான திரைப்பிடிப்புகள், அதாவது மற்றவர்களின் உரையாடல்கள், அவர்களுக்கு அனுப்பப்பட வேண்டும். ஒரு நேரலை வகுப்பைத் தவறவிட்டாலும் உரிமை போய்விடும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த ஒருவர் குழுவில் இருந்தார்; ஒரு படத்தில் நேரம் தெரியவில்லை என்று அவருடைய விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். இதை அவர் எனக்குத் தனியாகத்தான் சொல்ல முடிந்தது. உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அங்கே குற்றம். 'எதிர்மறை பரப்புதல்' என்று நீக்கிவிடுவார்கள்.

முன்பணத்தை நான் அட்டையில் கட்டியிருந்தேன். மீதியை அட்டையில் கட்டினால் கூடுதல் கட்டணம் ஆகும் என்று சொல்லி ஒரு தனிநபர் கணக்குக்கு நேரடியாக அனுப்பச் சொன்னார்கள். ஏன் என்று இப்போது விளங்குகிறது. அட்டையில் கட்டியதை வங்கியில் ஆட்சேபித்து, விளம்பரத்தின் படம், வடிகட்டி வரி உள்ள அந்த உரையாடல், அவர்களுடைய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் கொடுத்தேன். அந்தத் தொகை திரும்பி வந்தது. நேரடியாக அனுப்பியது வரவில்லை. ஆகவே கட்டுவதென்றால் அட்டையில் கட்டுங்கள், நிறுவனத்தின் பெயரில் ரசீது வாங்குங்கள், விளம்பரத்தை அன்றே படமெடுத்து வையுங்கள். நான் புகார் செய்த மறுநாளே அந்த விளம்பரம் காணாமல் போய்விட்டது. பயிற்சியாளர் எந்தக் கம்பெனியிலாவது இப்போதும் விநியோகஸ்தரா என்பதைக் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். ஆம் என்றால் அவர் உங்கள் போட்டியாளர். எந்த ஆப் ஆனாலும் தொடர்புகளைப் படிக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். அதனால் பாடம் திறக்கவில்லையென்றால் அந்தப் பாடத்தின் தகுதி தெரிந்துவிட்டது.

என் பட்டியலை அழித்துவிட்டதாக மின்னஞ்சலில் பதில் வந்தது. சென்ற வாரமும் தோழிக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது, இம்முறை வேறொரு பயிற்சியின் பெயரில். பட்டியலில் இருந்த எல்லோருக்கும் நான் அனுப்பிய செய்தியைக் கீழே தருகிறேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் அப்படியே எடுத்து அனுப்பலாம்:

"வணக்கம். நான் சேர்ந்த ஒரு பயிற்சி நிறுவனம், என்னிடமிருந்து பெற்ற தொடர்புகளைத் தன் சொந்த ஆள் சேர்ப்புக்குப் பயன்படுத்துகிறது. உங்கள் எண்ணும் அதில் இருக்கிறது. என் பெயரையோ 'நலம் விரும்பி' என்றோ சொல்லி யாராவது தொழில் வாய்ப்பு பற்றிப் பேசினால், அவர்களை நான் அனுப்பவில்லை. பணம் கட்ட வேண்டாம். எண்ணைத் தடை செய்துவிட்டு, அழைத்த நாளையும் எண்ணையும் எனக்கு அனுப்புங்கள். புகாரில் சேர்த்துக்கொள்கிறேன்."