34 வாளியும் ஒரு கத்தியும்: மொரீஷியஸில் தொட்டித் தோட்டமா, தரைத் தோட்டமா?

ரோஸ்ஹில் பக்கம் கொல்லை வைத்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான். வந்த புதிதில் ஆசையாக மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன், ணங்கென்று கல். ஒரு சாண் தள்ளிப் போட்டேன், அங்கேயும் கல். எரிமலை கக்கிய தீவு இது. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில்கூடப் பொறுக்கிய கற்களைக் குன்று குன்றாகக் குவித்து வைத்திருப்பார்கள். கல்லோடு யார் மல்லுக்கட்டுவது என்று தொட்டிக்குப் போய்விட்டேன். மூன்று வருஷம் தொட்டி, அப்புறம் இன்றுவரை தரை. எனக்குத் தரைதான் பிடித்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையான தீர்ப்பு வேண்டுமென்றால் வேறு ஆளைத்தான் கேட்க வேண்டும்.

தெரிந்த கதையைச் சீக்கிரம் முடித்துக்கொள்வோம். மாடிக் குடியிருப்பில் இருப்பவருக்குத் தொட்டியை விட்டால் வழியில்லை. தொட்டியில் களை குறைவு, மண்ணை நம் இஷ்டத்துக்குக் கலக்கலாம், வெயில் விழும் இடத்துக்கு நகர்த்தலாம். தரையில் வேர் தாராளமாக ஓடும். முருங்கையும் பப்பாளியும் சேம்பும் தரையில் இருந்தால்தான் மனம் வைத்துச் செழிக்கும். செலவு பெரிய வித்தியாசமில்லை. பெயிண்ட் வாளி சும்மாவே கிடைக்கிறது, கல் பொறுக்க உடம்பு போதும்.

எதை எதில் வைத்தாலும் பட்டம் தப்பினால் தப்பினதுதான். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற பாட்டி சொல்லை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தேன். இங்கே ஆடி குளிர்காலம். கத்தரி விதை தொட்டியிலும் தூங்கியது, பாத்தியிலும் தூங்கியது. கொத்தமல்லி மட்டும் அந்தக் குளிரில் கொழித்தது. இங்கே அதற்குப் பெயர் 'கோத்தோமிலி'. கறிவேப்பிலை 'காரிபுலே', பீர்க்கங்காய் 'பிப்பங்காய்'. சந்தையில் முதல் நாளே பாதி பெயர் புரிந்ததில் எனக்கு இருந்த சந்தோஷம் வேறு கதை.

தண்ணீர் விஷயத்தில் தரைக்கே என் ஓட்டு. அக்டோபரிலிருந்து மழை பிடிக்கும்வரை இங்கே வறட்சி. நீர்த்தேக்கங்கள் இறங்கிக்கொண்டே போகும். ரொம்பக் குறைந்தால் ரப்பர் குழாய் போட்டுத் தோட்டத்துக்குப் பாய்ச்சக் கூடாது என்று தடையும் வரும். அந்த மாதங்களில் தொட்டிகளுக்குக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை குவளையால் ஊற்றினேன். ஒரு நாள் தவறினால் மிளகாய்ச் செடி தலை தொங்கிவிடும். தரையில் கரும்புச் சோகையை, அதாவது காய்ந்த கரும்பு இலையை, நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டதிலிருந்து மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதுகிறது. சோகையை விலக்கி விரலை விட்டுப் பார்த்தால் மூன்றாம் நாளும் மண் குளிர்ந்திருக்கிறது.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு இன்னொரு தொல்லை. 2006இல் இந்தத் தீவையே சிக்குன்குனியா முடக்கிப் போட்டது. அந்த மூட்டுவலியை அனுபவித்த தலைமுறை எங்கள் அத்தையுடையது. தட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தேங்கினாலும் ஒன்றும் பேசாமல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். அடுத்த நாள் நான் நிமிர்த்துவேன். இப்படியே மூன்று வருஷம்.

ஒரே ஒரு இடத்தில் தரை தோற்கிறது: நத்தை. கைப்பிடி அளவுள்ள ஆப்பிரிக்க நத்தைகள். பகலெல்லாம் அந்தச் சோகைக்கு அடியிலேயே சுகமாகக் கிடந்துவிட்டு, ராத்திரி வெளியே வந்து கொத்தமல்லி முளையை வரிசையோடு வழித்துவிடும். டார்ச்சும் உப்புத்தண்ணீர் வாளியுமாக எட்டு மணிக்கு மேல் ஒரு சுற்று போயாக வேண்டும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

இதெல்லாம் சில்லறைக் கணக்கு. என்னைத் தொட்டியிலிருந்து தரைக்குத் துரத்தியது புயல்.

பொதுவாக நவம்பரிலிருந்து ஏப்ரல், மே வரை எங்களுக்குப் புயல் காலம். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வரக்கூடும் என்றால் வரிசையாக எச்சரிக்கை வரும். கிளாஸ் 1 அதற்கு 36 முதல் 48 மணி நேரத்துக்கு முன்னால். கிளாஸ் 2, முடிந்தவரை 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கையில் இருக்கும்படி. கிளாஸ் 3 என்றால் 6 மணி நேரம். கிளாஸ் 4 வந்தால் அந்தக் காற்று வந்தேவிட்டது என்று அர்த்தம். கிளாஸ் 2 சொன்னதும் வெளியே கிடக்கும் எதையும் உள்ளே எடுத்தாக வேண்டும். தொட்டியை அப்படியே விட்டால் அது பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் பீரங்கிக் குண்டு.

என்னிடம் இருந்தது 34 வாளி. 20 லிட்டர் வாளியில் முக்கால்வாசி ஈரமண் என்றாலே 20 கிலோவுக்குக் குறையாது. உள்ளே கொண்டுபோய் மறுபடி வெளியே வைத்தால் 1,300 கிலோவுக்கு மேல் தூக்கியிருப்பேன். 2022 பிப்ரவரியில் பட்சிராய் வருகிறது என்றார்கள். நானும் என் கணவரும் சேர்ந்து இரண்டரை மணி நேரம் தூக்கினோம். கார் தெருவில், வாளிகள் கராஜில். புயல் தீவுக்கு வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. நல்லதுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் இடுப்பு அந்த நல்லதை ஒப்புக்கொள்ளவில்லை. 2023 பிப்ரவரியில் ஃப்ரெடி. அதே கூத்து, அதுவும் வடக்கே போனது. அந்தத் தடவை வாளிகளை மூன்று நாள் இருட்டில் நெருக்கி அடுக்கி வைத்ததில், ஒரு கத்தரிச் செடியில் இருந்த மாவுப்பூச்சி எல்லாக் கத்தரிக்கும் பரவிவிட்டது. மிளகாயில் ஒரு பூ மிச்சமில்லை. வராத புயலுக்கே இவ்வளவு சேதம்.

ஃப்ரெடியின்போது ஒன்றைக் கவனித்தேன். நாங்கள் மூச்சிரைக்க வாளி சுமந்துகொண்டிருந்தபோது அத்தை கத்தியோடு கொல்லைக்குப் போனார். அவர் வைத்த முருங்கையை இடுப்பு உயரத்துக்கு வெட்டினார். பப்பாளியில் முற்றிய காயையெல்லாம் பறித்துக் கூடையில் போட்டார். வாழையில் தார் போட்ட மரத்தைத் தவிர மற்றதன் இலைகளைப் பாதியாகக் கழித்தார், காற்று பிடிக்காமலிருக்க. சேம்பை அவர் தொடவேயில்லை. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்து, கை கழுவி, டீ போட்டார். எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். 1975இல் ஜெர்வேஸ் புயலைச் சின்னப் பெண்ணாகப் பார்த்தவர், எது விழும் எது எழும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த வருஷம் மழை நின்றதும் கல் பொறுக்க ஆரம்பித்தோம். பொறுக்கிய கல்லையே பாத்திக்கு வரப்பாக அடுக்கினோம். தரைக்கு முதல் பரீட்சை 2024 பொங்கலன்று, பெலால் புயல் வடிவில் வந்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்த அதே ஜனவரி 15. தரை மட்டும் தப்பித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கொத்தமல்லிப் பாத்தி மழையில் கரைந்து ஓடிவிட்டது, பாகல் பந்தல் படுத்துவிட்டது, இரண்டு கத்தரி முறிந்தது. ஆனால் வெட்டிய முருங்கை மூன்றாவது வாரம் துளிர்த்தது. சேம்பு கிழிந்த இலையை உதறிவிட்டுப் புது இலை விட்டது. கறிவேப்பிலை வளைந்து ஆடிவிட்டு நிமிர்ந்தது. காலிப் பாத்தியில் தூவிய கீரை ஒரு மாதத்துக்குள் கையில். புயலுக்குப் பின் சந்தையில் காய்கறி விலை ஏறிக் கிடக்கும்போது அந்த ஒரு பிடி கீரைக்கு மதிப்பே தனி.

என் அனுபவம் இந்த ஒரு கொல்லையோடு சரி. கோர் த கார்த் மலை கண்ணுக்குத் தெரியும் இந்த மேட்டில் நல்ல செம்மண், ஓரளவு மழை. ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் மாதிரி மேற்குக் கரை மணலில் நான் ஒரு விதைகூடப் போட்டதில்லை. அங்கே உப்புக்காற்றும் உண்டு. தொட்டிதான் சரி என்று அங்கிருப்பவர் சொன்னால் வாதாட மாட்டேன். ஜெர்வேஸ் மாதிரி நேராக அடிக்கும் புயலையும் என் பாத்தி இன்னும் பார்க்கவில்லை. வாடகை வீட்டுக்காரர்கள் கல் பொறுக்கி வரப்பு கட்டுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள். வீடு மாறினால் வாளி கூட வரும், பாத்தி வராது.

34 வாளியில் இப்போது நாலு மிச்சம், சமையலறைக் கதவுக்கு வெளியே. மூன்றில் கொத்தமல்லி, நத்தைக்குப் பயந்து. தனியாவை இரண்டாகப் பிளக்கச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுகிறேன். நாலாவதில் புதினா, தரையில் விட்டால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் என்பதால். போன கோடையில் எச்சரிக்கை வந்தபோது அந்த நாலையும் குளியலறையில் வைத்துவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன். முருங்கை ஏற்கெனவே இடுப்பு உயரத்துக்கு வெட்டப்பட்டிருந்தது. அத்தை அடுப்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு குவியல் இலையை மடியில் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தார்.