கையில் நரம்பு கிடைக்கவில்லை: கழுத்துக் குழாயா, வயிற்று டயாலிசிஸா?

இரண்டு கையிலும் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்யும் வழி) அடைத்துப்போனவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது இந்த இரண்டுதான்.

தொடங்க: கழுத்தில் வைக்கும் குழாயான பெர்ம்கேத்தைப் போட்ட அன்றே பயன்படுத்தலாம். வயிற்றுக் குழாய்க்குப் புண் ஆற சுமார் 2 வாரம்.

அலைச்சல்: பெர்ம்கேத் என்றால் வழக்கமாக வாரம் 3 நாள், தலா 4 மணி நேரம் சென்டரில். வயிற்று டயாலிசிஸ் வீட்டிலேயே: குழாய் வழியாக வயிற்றுக்குள் மருந்து நீரை விட்டு, பிறகு வடிப்பது. ஆனால் தினமும் 3, 4 தடவை 2 லிட்டர் பை மாற்ற வேண்டும். தீபாவளிக்கும் லீவு கிடையாது.

தொற்று: இங்கேதான் யோசிக்க வேண்டும். கழுத்துக் குழாயில் கிருமி புகுந்தால் நேராக ரத்தத்துக்குப் போகும். டயாலிசிஸ் நடுவே குளிர் நடுக்கம் வந்தால் முதல் சந்தேகம் அதுதான். தலைக்குக் குளிப்பதே பெரும்பாடு. வயிற்றில் தொற்று என்றால், வடிந்த நீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கும். பையைச் செய்தித்தாள் மேல் வையுங்கள். பை வழியாகப் பார்க்கும்போது எழுத்து தெரியாவிட்டால் அந்தப் பையோடே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

செலவு: தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள்.

சரி, யாருக்கு எது? மூச்சுத் திணறலோடு வருபவர், வயிற்றில் பல ஆபரேஷன் ஆனவர், பை மாற்ற ஆளில்லாதவர் ஆகியோருக்குப் பெர்ம்கேத். மற்றவர்களுக்கு, டாக்டரும் சரி என்றால், என் ஓட்டு வயிற்றுக்குத்தான்.