ஒழுகும் ரேடியேட்டர்: பற்றவைப்பதா, மாற்றுவதா?

காலையில் வண்டியை எடுத்தால், நின்ற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாக ஒரு ஈரம். தொட்டால் வழுவழுவென்று இருக்கிறது, லேசாக இனிப்பு வாடை. ஏசி தண்ணீர் என்றால் நிறமும் இருக்காது, வாடையும் இருக்காது. இது கூலன்ட், இன்ஜின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய் ஆற்றும் திரவம்.

'பற்றவைத்துத் தரேன்' என்பார் ஒரு மெக்கானிக், 'புதுசே போட்டுடுங்க' என்பார் இன்னொருவர். எவ்வளவு ஒழுகுகிறது என்பதை வைத்துத்தான் பெரும்பாலானவர்கள் முடிவு செய்கிறார்கள். எங்கே ஒழுகுகிறது, அந்த இடம் எதனால் ஆனது என்பதுதான் என் கணக்கு.

முதலில் ஒழுகுவது ரேடியேட்டர்தானா என்று பார்க்க வேண்டும். ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கலாம், மூடியின் ரப்பர் காய்ந்திருக்கலாம், வாட்டர் பம்ப் கசியலாம். இன்ஜின் ஆறிய பிறகு, மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு (பெரும்பாலும் 1 பார் அளவில் இருக்கும்) அழுத்தம் ஏற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் போதும். பம்பில் அழுத்தம் காட்டும் முள் இறங்கினால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். ஈரம் கட்டும் இடத்தை டார்ச் அடித்துத் தேடலாம். இதைச் செய்யாமல் 'மாத்திடலாம்' என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

சரி, ரேடியேட்டர்தான் என்று உறுதியாகிவிட்டது. பழைய வண்டிகளில் இருக்கும் செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஈயப் பற்று நன்றாகப் பிடிக்கும். மலிவான புதியதைவிடப் பற்றவைத்த பழையதே நீடித்து உழைக்கவும் கூடும்.

இப்போது வருபவை வேறு. நடுவில் அலுமினியக் குழாய்களும் தகடுகளும், இரண்டு முனைகளிலும் பிளாஸ்டிக் டேங்க். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் கேஸ்கெட். அதன்மேல் அலுமினிய விளிம்பை மடித்து இறுக்கியிருப்பார்கள். கல் பட்டு ஒரே ஒரு குழாய் ஓட்டையாகி, மற்றதெல்லாம் திடமாக இருந்தால் அலுமினிய வெல்டிங் செய்யலாம். விரல் பட்டாலே தகடுகள் பொடியாக உதிர்ந்தால் வேண்டாம். இன்று ஒரு ஓட்டையை அடைத்தால் நாளை பக்கத்தில் இன்னொன்று.

பிளாஸ்டிக் டேங்க் விரிசல்தான் ஆளை ஏமாற்றும். என் வண்டியில் மயிரிழை போல ஒரு கீறல். எபாக்ஸி பசை பூசிச் சில வாரம் நிம்மதியாக ஓட்டினேன். அப்புறம் ஒரு மலைப்பாதை ஏற்றத்தில் பானெட்டிலிருந்து ஆவி. இறங்கிப் பார்த்தால் பூசிய இடம் அப்படியே இருக்கிறது, அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி டேங்க் புதிதாகப் பிளந்திருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் சுமார் 90 டிகிரி சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, அந்த பிளாஸ்டிக் முழுவதுமே மொறுமொறுத்துப் போயிருந்தது. நான் அடைத்தது முதலில் வெடித்த இடத்தை மட்டும்.

கூலன்டில் ஊற்றி ஓட்டையை அடைக்கும் பொடி, திரவம் எல்லாம் வீடு போய்ச் சேரத்தான். ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அவை அடைத்துவிடக்கூடும்.

இன்னொன்று, கூலியைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. கூலன்டை வடித்து, ஃபேனையும் ஹோஸையும் கழற்றி, சில வண்டிகளில் பம்பரையும் இறக்கித்தான் ரேடியேட்டரை எடுக்க முடியும். பற்றவைத்தாலும் மாற்றினாலும் அந்த வேலை ஒன்றுதான். பற்று விட்டுப் போனால் அதே கூலி இரண்டாம் முறை, கூலன்டும் இரண்டாம் முறை. கவனிக்காமல் சூட்டோடு ஓட்டிவிட்டால் சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட்டும் போகும். அந்தச் செலவுக்கு முன்னால் புது ரேடியேட்டர் ஒன்றுமே இல்லை.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் பலவற்றில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாயும் ரேடியேட்டர் டேங்குக்குள்ளேயே ஓடும். அது உள்ளே ஓட்டையாகி ஆயிலும் கூலன்டும் கலந்து பால் போலத் தெரிந்தால், வண்டியை ஸ்டார்ட் கூடச் செய்யாமல் இழுத்துப் போங்கள். அங்கே பற்றவைக்கும் பேச்சே கிடையாது.

புதிது போடுவதென்றால் பெட்டியைப் பிரித்துப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில மலிவுச் சரக்கில் நடுப்பகுதியின் தடிமன் குறைவாக இருக்கும், வெயில் நாளில் ஏசி போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறும். எப்படியும் எல்லாம் கழன்றிருக்கும்போது உப்பிப்போன ஹோஸையும் பழைய மூடியையும் சேர்த்தே மாற்றிவிடலாம், அதற்கென்று தனிக் கூலி பெரிதாக வராது.