லினக்ஸோடு 17 வருடம்: பிரசாரகன் ரிப்பேர்காரன் ஆன கதை

ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் 23 பெயர்கள் எழுதி வைத்திருக்கிறேன். நானே பேசி மனதை மாற்றி, நானே பென்டிரைவோடு போய் உட்கார்ந்து, விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தவர்கள். போன மாதம் ஒரு நாள் வேலை இல்லாத நேரத்தில் ஒவ்வொருவராக விசாரித்தேன். இன்றும் அதையே ஓட்டுகிறவர்கள் 9 பேர். 3 பேர் கம்ப்யூட்டரையே தொடுவதில்லை, எல்லாம் போனில்தான். மீதி 11 பேர் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்கள். அதில் ஒருத்தன் லினக்ஸ் என்ற பேச்சை எடுத்தாலே இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் வகை) நல்லது என்று தேடி வந்தவர்களுக்கு இதில் பெரிதாக எதுவும் கிடைக்காது. அன்றாட வேலைக்கு லினக்ஸையே வைத்துக்கொண்டு, அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் பரப்பித் திரிந்தவனின் கணக்கு இது.

நான் ஆரம்பித்தது 2008-இல், உபுண்டு என்ற டிஸ்ட்ரோவின் 8.04 பதிப்பு வந்த சமயம். அதோடு வூபி என்று ஒன்று வந்தது. ஹார்ட் டிஸ்கைப் பிரிக்க வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே சாதாரண மென்பொருள் போல நிறுவிக்கொள்ளலாம். மொத்த லினக்ஸும் ஒரே ஒரு பெரிய கோப்பாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிடிக்கவில்லையா, நீக்கிவிடலாம். என்னை மாதிரிப் பயந்தாங்கொள்ளிகளுக்கு அளவெடுத்துத் தைத்தது. திடீரென்று கரண்ட் போனால் அந்த ஒற்றைக் கோப்பு கெட்டுப்போகும் ஆபத்து மட்டும் உண்டு. எனக்கு இரண்டாவது மாதமே கெட்டது. அதற்குள் மனசு ஒட்டிவிட்டதால் தனிப் பார்ட்டிஷனே கொடுத்தேன்.

ஒட்டியதற்குக் காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். சுழலும் பெட்டி. காம்பிஸ் என்ற ஒன்றை முடுக்கிவிட்டு, கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்தி மவுஸை இழுத்தால் நான்கு டெஸ்க்டாப்பும் ஒரு பெட்டியின் நான்கு பக்கமாகச் சுழலும். ஜன்னலைப் பிடித்து இழுத்தால் ஜெல்லி மாதிரி ஆடும். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்துக் காட்டினேன். எல்லாரும் "அட!" என்றார்கள். அதைப் பார்த்து ஒருத்தர்கூட மாறவில்லை. இதிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

என் சொந்த உபயோகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் உபுண்டு, நடுவில் சில வருடம் மின்ட், கடைசி ஆறு வருடமாக டெபியன். 2012-இல் வாங்கிய லேப்டாப் இன்னும் ஓடுகிறது. எஸ்எஸ்டி மாற்றினேன், ரேமை 8 ஜிபி ஆக்கினேன், அவ்வளவுதான் செலவு. எழுதுவது, கணக்குப் பார்ப்பது, படம் பார்ப்பது எல்லாம் அதில்தான். அப்டேட் வேண்டுமென்றால் நான் சொல்லும்போது வரும். வேலைக்கு நடுவே தானாக அணைந்து எழுந்ததில்லை. ஒரே கட்டளையில் மொத்த மென்பொருளும் புதுப்பிக்கப்படுகிற சுகம் பழகிவிட்டால், ஒவ்வொன்றையும் தனித்தனி இணையதளத்தில் தேடி இறக்குவது காட்டுமிராண்டித்தனமாகத் தெரியும்.

உபத்திரவங்களும் உண்டு. ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு கேட்கும், மைக் வேலை செய்யாது. ஒலியைக் கவனிக்கும் பைப்வயர் என்ற மென்பொருள் வந்த பிறகுதான் அந்தச் சனியன் விட்டது. திரையில் ஜன்னல்களைக் காட்டும் வேலேண்ட் என்ற புது முறைக்கு மாறிய புதிதில் வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்ந்தால் எதிர்முனையில் கறுப்பாகத் தெரிந்தது. தமிழ்99 விசைப்பலகை சில செயலிகளில் மட்டும் முரண்டு பிடித்தது. எல்லாம் தீர்ந்தது. ஆனால் தீரும்வரை உட்கார்ந்து தேடிப் படித்தவன் நான். எனக்கு அது பொழுதுபோக்கு. டைரியில் இருக்கும் 23 பேரில் அநேகமாக யாருக்கும் அது பொழுதுபோக்கு இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

ஒரு நண்பனின் லேப்டாப்பில் நிறுவி முடித்தால் வைஃபை வரவில்லை. வைஃபையை இயக்கும் டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் இல்லை. சவால் கிடைத்த சந்தோஷத்தில் டிரைவரின் மூலநிரலை இறக்கி, கட்டளைகளைத் தட்டச்சும் டெர்மினலில் நானே கம்பைல் செய்து (கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி) ஏற்றினேன். எழுத்துகள் கடகடவென்று ஓடி முடிந்து, மூலையில் வைஃபை சின்னம் எட்டிப் பார்த்தது. அவன் வாயைப் பிளந்தான். நான் மிதப்பில் வீடு திரும்பினேன். மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன். "டேய், காலையில அப்டேட் கேட்டுச்சு, கொடுத்தேன். இப்ப நெட்டே இல்ல." நடந்தது இதுதான்: நான் கம்பைல் செய்தது அன்றிருந்த கெர்னலுக்கு மட்டும். அப்டேட்டில் புதுக் கெர்னல் வந்து உட்கார்ந்ததும் டிரைவர் அம்போ. டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகப் போட்டிருந்தால் ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் அது தானாகவே கம்பைல் ஆகியிருக்கும். அது எனக்கு அன்று தெரியாது. போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி, போனின் இணையத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் வித்தையை அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முக்கால் மணி நேரம். அவன் கேட்டான்: "அடுத்த அப்டேட்டுக்கும் இப்படித்தானா?" நியாயமான கேள்வி.

இந்த வைஃபை விவகாரத்தில் டெபியன்காரர்களே வளைந்து கொடுத்தார்கள். மூலநிரலை வெளியிடாத ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள் ஏறும் மென்பொருள்) எதுவும் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் இருக்கக் கூடாது என்பது அவர்களின் நெடுநாள் வழக்கம். கொள்கை சுத்தம்தான். ஆனால் அந்த வட்டைப் போட்டால் பல லேப்டாப்களில் வைஃபை எழாது; ஃபர்ம்வேர் சேர்த்த வட்டு வேறொரு மூலையில் இருக்கும், விவரம் தெரிந்தவன்தான் தேடி எடுப்பான். 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி அதையும் சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். 2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்து ஒரே வட்டுதான். "சரணடைந்துவிட்டார்கள்" என்று திட்டிய நண்பர்கள் எனக்கு உண்டு. நெட் வராத கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு யாருக்குக் கொள்கை சொல்வது என்று கேட்டேன். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

சரி, முகத்தைத் திருப்பிக்கொள்பவனுக்கு வருவோம். என் மச்சான்தான். புது லேப்டாப், விண்டோஸோடு வந்தது. பக்கத்திலேயே லினக்ஸும் இருக்கட்டும் என்று அவனைச் சம்மதிக்க வைத்தேன். செக்யூர் பூட் (அங்கீகரித்த மென்பொருளை மட்டும் துவங்க விடும் காவல்) இடைஞ்சலாக இருக்குமே என்று அதை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். லினக்ஸ் அழகாக ஏறியது. பிறகு விண்டோஸுக்குள் போகலாம் என்றால், அந்தக் காவலை அணைத்ததில் சந்தேகப்பட்டு, நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கொடு என்கிறது. டிஸ்க் முழுக்கக் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது அவனுக்கும் தெரியாது. கேட்க வேண்டிய நானும் கேட்கவில்லை. சாவி ஏதோ ஒரு கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கின் கடவுச்சொல் அவனுக்கு மறந்துபோயிருந்தது. மீட்டெடுக்க நான்கு நாள் ஆனது. கோப்புகள் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் அந்த நான்கு நாளுக்குள் அனுப்ப வேண்டிய வேலை ஒன்று அவனுக்கு இருந்தது. "இனிமே என் மெஷின்ல கை வைக்காத மச்சான்" என்றான். வைக்கவில்லை.

தப்பு முழுக்க என்னுடையது, லினக்ஸுக்கு இதில் பங்கே இல்லை. ஆனால் அவன் மனதில் நின்றது லினக்ஸ்தான். இப்போதெல்லாம் யார் மெஷினைத் தொட்டாலும் முதல் வேலை பேக்கப், இரண்டாவது வேலை அந்த 48 எண்களையும் காகிதத்தில் எழுதி வாங்குவது. இரண்டையும் அருகருகே வைக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு சில்லறைத் தொல்லை உண்டு. விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் அதையே உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும். மாறி மாறிப் போனால் மணி தப்பாகக் காட்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கிக்கொண்டிருந்தால் அது முழுசாக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும், லினக்ஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனில் எழுத முடியாது. "என் ஃபைல் சேவ் ஆகல" என்று போன் வந்தால் பெரும்பாலும் இதுதான்.

வாயால் செய்த பிரசாரத்திலும் நிறைய விட்டுவிட்டேன். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன என்ற செய்தி 2017 நவம்பரில் வந்தது. அதை மாமாவிடம் பெருமையாகச் சொன்னேன். "எனக்கு எதுக்குடா சூப்பர் கம்ப்யூட்டர்? லெட்டர் பிரிண்ட் வரணும்" என்றார். அன்றோடு அந்த வாதம் செத்தது.

"இலவசம்" என்பதையும் விட்டேன். இலவசம் என்றதும் கேட்கிறவர் மனதில் மட்டமான சரக்கு என்று ஓடுகிறது. பலருக்கு விண்டோஸும் கம்ப்யூட்டரோடு சேர்ந்து சும்மா வந்ததுதான். ஆங்கிலத்தில் இலவசம், சுதந்திரம் இரண்டுக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் என்பதால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் காலம் காலமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தக் குழப்பம் இல்லை, 'கட்டற்ற' என்று தனிச் சொல்லே இருக்கிறது. இருந்தும் நான் பல வருடம் 'இலவசம்' என்றுதான் கூவிக்கொண்டிருந்தேன்.

"மூலநிரலை எல்லாரும் பார்க்கலாம், அதனால் பாதுகாப்பு" என்பதை இப்போது கவனமாகத்தான் சொல்கிறேன். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் வெடித்தது. கோப்புகளைச் சுருக்க மற்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் சின்ன நிரல் தொகுப்பு அது. ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாகப் பங்களித்து, பராமரிப்பாளர் பொறுப்புக்கே வந்து, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவை (திருட்டுத்தனமாக உள்ளே வர ஒரு வழியை) நுழைத்துவிட்டார். அதைத் தூண்டிவிடும் வரிகள் எல்லாரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தன. ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர், தூரத்துக் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச்சில் உள்ளே நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று குடைந்து கண்டுபிடித்தார். டெபியன் ஸ்டேபிள் போன்ற நிலையான பதிப்புகளுக்குப் போய்ச் சேரும் முன் பிடிபட்டது. மூலநிரல் கையில் இருந்ததால்தான் குடைய முடிந்தது, உண்மை. அரை நொடியைப் பொருட்படுத்த ஒரு ஆள் இருந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தோற்றவன் நான் மட்டும் இல்லை என்று தேற்றிக்கொள்ள ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி லினக்ஸுக்கு மாறிய லிமக்ஸ் திட்டம் இருக்கிறது. 2003-இல் முடிவெடுத்து, 2013 வாக்கில் 15,000 மேசைக் கம்ப்யூட்டர்கள் அளவுக்கு மாற்றிக் காட்டினார்கள். 2017-இல் நகர மன்றமே விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. அரசியல்தான் காரணம் என்பார்கள் சிலர், வெளியாட்களோடு கோப்புப் பரிமாறும் தொல்லை என்பார்கள் சிலர். பின்னதன் சின்ன வடிவத்தை நானே பார்த்திருக்கிறேன். பட்டியலில் 14-ஆவதாக இருக்கும் பெண் ஒரு பக்க பயோடேட்டாவை லிப்ரே ஆபீஸில் திறந்தால் இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. அவர் பதறிப்போனார். ஒன்றுமில்லை, அது கலிப்ரி எழுத்துருவில் இருந்தது. கம்ப்யூட்டரில் அது இல்லாததால் அகலமான வேறொன்று அந்த இடத்துக்கு வந்துவிட்டது. கலிப்ரியின் அதே அளவுகளில் செய்த கார்லிட்டோவைப் போட்டதும் வரிகள் பழைய இடத்துக்கே போயின. அவர் அந்த 9 பேரில் ஒருவர்.

9 பேரையும் வரிசையாக நினைத்துப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரிகிறது. பாதிப் பேர் லினக்ஸுக்கு முன்பே ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி, லிப்ரே ஆபீஸ் என்று பழகியிருந்தார்கள். அடித்தளம் மாறியதை அவர்கள் அதிகம் கவனிக்கவே இல்லை. மீதிப் பேர் மாமா மாதிரி, பிரவுசரும் கடிதமும் போதும் என்பவர்கள். மாமாவுக்கு மின்ட்டின் சின்னமன் வகையைப் போட்டேன்; மெனு கீழே இடது மூலையில், அவர் பழகிய இடத்திலேயே. டெர்மினலைக் காட்டவே இல்லை. டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருளை, வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் (கம்ப்யூட்டரின் அன்றைய நிலையின் நகல்) எடுக்கச் சொல்லி வைத்தேன். ஏதாவது ஆனால் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் தேவைப்பட்டது.

இப்போது சிலருக்கு நானே வேண்டாம் என்கிறேன். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை நம்பிப் பிழைப்பவர், கெர்னல் மட்டத்தில் ஏமாற்றுத் தடுப்பு வைத்திருக்கும் ஆன்லைன் விளையாட்டே கதி என்று இருப்பவர், கண்காணிப்புச் செயலியோடு ஆன்லைன் தேர்வு எழுத வேண்டியவர். விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் ப்ரோட்டான் வந்த பிறகு விளையாட்டுகள் நிறைய ஓடுகின்றன என்பது சரிதான், ஆனால் அவர் விளையாடும் அந்த ஒன்று ஓடுமா என்பதுதானே கேள்வி.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதிலிருந்து நான் வாயைத் திறக்காமலே ஆட்கள் தேடி வருகிறார்கள். பத்து வருடம் முன்னால் என்றால் தலைகால் புரியாமல் ஆடியிருப்பேன். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, இது இன்னும் நல்லாத்தான் ஓடுது. இதைப் போய்த் தூக்கிப் போடச் சொல்றாங்க. உங்க லினக்ஸ் போட்டுக் குடுங்களேன்."

"போடலாம் சார். இதுல தினமும் என்னென்ன பண்றீங்க?"

யோசித்து யோசித்துச் சொன்னார். மெயில், செய்தி, மகளோடு வீடியோ அழைப்பு, மாதம் இரண்டு ஸ்கேன். எழுதிக்கொண்டேன். வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் பென்டிரைவிலிருந்தே ஓட்டிச் சோதித்தேன். எதையும் நிறுவவில்லை. மூன்றும் வந்தன.

"அப்ப இன்னைக்கே போட்டுடலாமா?"

"ஸ்கேனர் வீட்லதானே இருக்கு? அதை எடுத்துட்டு வாங்க சார், மாட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

இன்னும் கொண்டுவரவில்லை. டைரியில் 24 என்று எண் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.