டின் விலை கேட்காதீர்கள், கிலோ விலை கேளுங்கள்

ஓணத்துக்கும் தீபாவளிக்கும் மொத்தமாகச் சாமான் எடுக்கப் பொள்ளாச்சி போகிற எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வண்ணாமடை பக்கம் இருக்கிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். நாங்கள் ஒன்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு, காசைத் தொலைத்தோம். கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இதே வேலையைச் செய்கிற கடை அது ஒன்றாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும்.

2025 ஆடி மாதம் தேங்காய் எண்ணெய் விற்ற விலை எல்லோருக்கும் நினைவிருக்கும். கிலோ நானூறைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. சுற்றிலும் தென்னந்தோப்பு, ஆனால் தாளிக்க எண்ணெய் வாங்கக் கை நடுங்கியது. தோப்பு வைத்திருந்தவர்கள்கூட நல்ல விலை கிடைக்கிறதே என்று காயாகவே விற்றுவிட்டார்கள், ஆட்டிக்கொள்ளவில்லை. கேரள அரசின் மாவேலி கடையில் மானிய விலைக்குக் கிடைக்கிற 13 சாமான்களில் தேங்காய் எண்ணெயும் உண்டு. ஆனால் ஒரு கார்டுக்கு இவ்வளவு என்று அளவு இருக்கிறது. ஓணம் வருகிற மாதத்தில் பெரிய குடும்பத்துக்கு அது எந்த மூலைக்குக் காணும்?

அப்போதுதான் எங்கள் அயல்கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவில், நான் அந்த யோசனையைச் சொன்னேன். ஒன்பது வீடும் பணம் போட்டு, ஒரு டெம்போ பேசி, கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் போய் மொத்தக் கடையில் எடுத்துவந்து பிரித்துக்கொள்வோம் என்று. எங்கள் ஊர்க் கடையில் அன்றைக்கு எண்ணெய் கிலோ 450 ரூபாய். மொத்தக் கடையில் ஒரு டின் 5,850 என்று போனில் சொன்னார்கள். பதினைந்தால் வகுத்தால் கிலோ 390. கிலோவுக்கு 60 ரூபாய் மிச்சம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? பணத்தை வாங்கிக் கணக்கு எழுதியதும் நான், கடைக்குப் போனதும் நானும் பக்கத்து வீட்டுச் சேச்சியும்தான். அதனால் இந்த விஷயம் என் மனதை இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறது.

கடையில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். மேசைமேல் வாய் திறந்த டின் ஒன்று வைத்திருந்தார்கள், மோந்து பார்க்க. அதில் பெரிய எழுத்தில் 15 கிலோ என்று இருந்தது. எண்ணெய் நல்ல மணம். நான் கேட்டேன், "டின் பதினஞ்சுதானுங்களே?" அவர் சொன்னார், "ஆமாங்க்கா, பதினஞ்சேதான். நாலு டின்னு போட்டர்றேன்." அவ்வளவுதான் பேச்சு. பதினைந்து என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கண்ணெதிரில் 15 கிலோ டின் இருக்கும்போது கேட்கத் தோன்றவில்லை. எங்களுக்கான நாலு டின்னும் பின்னாலிருக்கிற குடோனிலிருந்து நேராக வண்டிக்கு ஏறின.

அரிசியும் அப்படித்தான். முன்னால் 26 கிலோ பொன்னி மூட்டை ஒன்றைப் பிரித்துக் காட்டினார்கள். மூட்டை 1,508 ரூபாய், அதாவது கிலோ 58. 26 கிலோ மூட்டை எதற்கு என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் யோசிப்பார்கள். 2022 ஜூலையில் பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி வந்தது. 25-ஐத் தாண்டினால் அந்த வரி கிடையாது. அதிலிருந்துதான் 26 கிலோ மூட்டை பரவலாக வந்தது. எங்களுக்குப் பத்து மூட்டை. பருப்பு, வத்தல், மல்லி, புளி, வெல்லம் எல்லாம் கண்முன்னால் எடைபோட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புளி மட்டும் கொஞ்சம் ஈரம்.

வீட்டுக்கு வந்து பிரிக்கும்போதுதான் தெரிந்தது. எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் சாயங்காலப் பால் எடுத்து முடித்த பிறகு அவர்கள் தராசைக் கொடுத்து உதவினார்கள். முதல் டின்னில் பத்து கிலோ ஒரு வீட்டுக்கு, ஐந்து கிலோ இன்னொரு வீட்டுக்கு என்று கணக்கு. பத்து கிலோ கேனில் ஊற்றி நிறுத்தாயிற்று. அடுத்த கேனில் ஊற்றினோம். டின்னைக் கவிழ்த்துப் பிடித்து, சொட்டு நிற்கும்வரை காத்திருந்தோம். தராசு 3 கிலோ 700-ல் நின்றுவிட்டது. வழியில் கசிந்திருக்குமோ என்று வண்டியின் தரையைப் போய்ப் பார்த்தோம், காய்ந்துதான் இருந்தது. தராசு தப்போ என்று 5 கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்தோம், சரியாக ஐந்து காட்டியது. அப்புறம் திறக்காத டின் ஒன்றைத் தூக்கி வைத்தோம். தகரத்தோடு சேர்த்து 14 கிலோ 680. காலி டின் 980 கிராம். கழித்தால் 13 கிலோ 700.

சேச்சி டின்னைத் துணியால் துடைத்து, போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கீழ் விளிம்பை ஒட்டி, மடிப்புக்குப் பக்கத்தில், எறும்பு போன்ற எழுத்தில் இருந்தது: நிகர அளவு 15 லிட்டர், எடை 13.650 கிலோ.

எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான் இருக்கும். ஆகவே 15 லிட்டர் டின்னில் இருப்பது 13 கிலோ 650. 15 கிலோ டின்னுக்கும் அதற்கும் ஒரு கிலோ 300 கிராமுக்கு மேல் வித்தியாசம். சந்தையில் இரண்டு வகையும் கிடைக்கிறது, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அந்த டின் தயாரித்தவர்கள்மேல் தப்பில்லை, உள்ளதைத்தான் அச்சிட்டிருக்கிறார்கள், சொல்லப்போனால் ஐம்பது கிராம் கூடவே இருந்தது. 15 கிலோ டின்னைக் காட்டி, அதன் விலையைச் சொல்லி, 15 லிட்டர் டின்னை ஏற்றிவிட்ட கடைக்காரர்தான் ஏமாற்றினார். அரிசி மூட்டையைப் பார்த்தால் பத்தும் 25 கிலோ மூட்டை.

கணக்குப் போட்டேன். நாலு டின்னில் 5 கிலோ 200 எண்ணெய் குறைவு, 390 வீதம் 2,028 ரூபாய். அரிசியில் பத்து கிலோ, 580 ரூபாய். மொத்தம் 2,608. எங்களுக்கு உண்மையில் எண்ணெய் கிலோ 427 ரூபாய்க்கு விழுந்திருக்கிறது. டெம்போ வாடகை 1,200-ஐயும் சேர்த்தால் அந்த எண்ணெயில் மிஞ்சியது நூறு ரூபாய்கூட இல்லை. ஒன்பது பெண்கள் சேர்ந்து, அதில் ஒருத்தி சங்கிலியை அடகு வைத்துப் போட்ட பணம் இது.

மறுநாள் போன் செய்தேன். "நான் டின்னு விலைதானுங்க்கா சொன்னேன். கிலோன்னு என் வாயால சொன்னனா?" என்றார். யோசித்துப் பார்த்தால், அவர் சொல்லவே இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இப்போதும் ஆறவில்லை. ஒரு வார்த்தையை விழுங்கியே ஒருவர் இரண்டாயிரம் ரூபாய் சம்பாதித்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்து பில். அவர் கொடுத்தது பில் இல்லை. 'எஸ்டிமேட்' என்று மேலே அச்சடித்த மஞ்சள் தாள். கடைப் பெயர் இல்லை, வரி எண் இல்லை. சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம் வரி உண்டு, வரி எண் போட்ட பில் கட்டாயம் கேட்டிருக்க வேண்டும். "பில்லுன்னா வரி சேருமுங்க, உங்களுக்குத்தான் ஜாஸ்தி ஆகும்" என்றதும் நானும் விட்டுவிட்டேன். அந்தத் தாளில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: "தே.எ. டின் – 4 – 23,400. பொன்னி 26 – 10 – 15,080."

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். தமிழிலேயே பேசலாம், பொறுமையாகக் கேட்டார்கள், புகாரைப் பதிந்துகொண்டு எண் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் எடையளவுப் புகார்களைத் தொழிலாளர் துறைதான் பார்க்கிறது. கேரளாவில் லீகல் மெட்ராலஜி என்று தனித் துறை இருக்கிறது. கடை அந்தப் பக்கம் என்பதால் பாலக்காட்டு அலுவலகத்தில் சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒரு விஷயம் எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு அவசியம் தெரிய வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை.

மஞ்சள் தாளையும், மூட்டைச் சாக்கையும், ஒரு காலி டின்னையும் எடுத்துக்கொண்டு நானும் சேச்சியும் பஸ் ஏறி மறுபடி போனோம். புகார் எண்ணைக் காட்டினோம். அரிசி வரியில் அவர் கையாலேயே 26 என்று எழுதியிருந்தது. சாக்கில் 25 என்று அச்சு. மறுபேச்சுப் பேசாமல் 580 ரூபாயை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். எண்ணெய் வரியில் டின் என்று மட்டும்தான் இருந்தது. அதற்கு ஒரு ரூபாய்கூடப் பெயரவில்லை.

எண்ணெய் சுத்தமா என்ற சந்தேகமும் அப்போது வந்தது. 2018 டிசம்பரில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 74 பிராண்டு தேங்காய் எண்ணெயைத் தடை செய்தது பலருக்கு நினைவிருக்கலாம். எல்லோரும் சொல்கிற மாதிரி கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தோம், முழுக்க வெள்ளையாக உறைந்தது. உறையாமல் மேலே தனியாக நின்றால் கலப்படம், அது சரி. ஆனால் முழுக்க உறைந்துவிட்டது என்பதால் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். பாமாயில் எடுக்கிற பனையின் கொட்டையிலிருந்து எடுக்கிற எண்ணெய் ஒன்று உண்டு, அதுவும் தேங்காய் எண்ணெய் மாதிரியே உறையும். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் ஆய்வகம்தான். வாங்கியவரே கட்டணம் கட்டிப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பாக்கெட்டில் 14 இலக்க உணவு உரிம எண்ணையும் பாருங்கள். 113 என்று தொடங்கினால் கேரள உரிமம், 124 என்றால் தமிழ்நாட்டு உரிமம். கதகளி முகமும் மலையாள எழுத்துமாக இருக்கிற பாக்கெட்டில் 124 இருந்தால், அது தப்பான எண்ணெய் என்று அர்த்தமில்லை. ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வாங்கலாம்.

சின்ன பாக்கெட்டிலும் இதே லிட்டர், கிலோ குழப்பம்தான். முன்பெல்லாம் 60 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் என்று போட்டு விற்றவர்கள் இருந்தார்கள். சூடானால் எண்ணெய் விரியும், அதே லிட்டரில் எடை குறையும். 2022-ல் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை அதைக் கண்டித்து, வெப்பநிலையைப் போடாதீர்கள், லிட்டரோடு எடையையும் சேர்த்து அச்சிடுங்கள் என்று அறிவுறுத்தியது. எங்கள் டின்னில் 13.650 என்று இருந்ததைச் சேச்சி கண்டுபிடித்ததும் எடையை அச்சிட்டிருந்ததால்தான். ஒரு லிட்டர் பாக்கெட் போலவே இருக்கிற சிலதில் 850 மில்லி, 800 மில்லிதான் இருக்கும். கிராமுக்கோ கிலோவுக்கோ, மில்லிக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்பதும் இப்போது பாக்கெட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டு பாக்கெட்டை அருகருகே வைத்து, இரண்டும் ஒரே அளவுக்குப் போட்ட விலைதானா என்று பார்த்து, அந்த விலையை ஒப்பிடுங்கள்.

தீபாவளிக்கு வேறு கடைகளுக்குப் போனோம். போன உடனே நான் கேட்டது மூன்றுதான்: தகரம் போக எண்ணெய் எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, அதைப் பில்லில் எழுதித் தருவீர்களா. முதல் இரண்டு கடைகளில் மூன்றாவது கேள்விக்கு முகம் மாறியது, வெளியே வந்துவிட்டோம். மூன்றாவது கடைக்காரர் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடச் சொன்னார். ஆனால் "15 கி. டின்" என்று எழுதி, வரி எண் போட்ட பில் கொடுத்து, "வேணும்னா எடை போட்டே ஏத்திக்கோங்க" என்றார். ஏற்றுகிற இடத்திலேயே ஒவ்வொன்றாக நிறுத்தோம். நாலு டின்னும் 16 கிலோவுக்குச் சற்றுக் குறைய நின்றது. அவர் தராசில் அந்த வருடத்து முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும். கேட்டால் கோபப்படுவாரோ என்று தயங்கினேன், அவரே திருப்பிக் காட்டினார்.

எண்ணெய்க்கான 2,028 ரூபாய் இன்னும் வரவில்லை. பாலக்காட்டு ஆணையத்தில் மனு கொடுக்க ஒன்பது வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன், ஏழு ஆயிற்று. அந்தக் காலி டின்னைக் கழுவாமல் அப்படியே எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன். 15 லிட்டர் என்று எவ்வளவு சின்னதாக, எந்த இடத்தில் அச்சிடுவார்கள் என்று கண்ணால் பார்க்க நினைக்கிற நம் பக்கத்து ஆட்கள் யாரும் வரலாம்.