மவ்தாக் கழிமுகத்தில் வீடு: ஃபேர்போர்னா, பார்மவுத்தா?

வடமேற்கு வேல்ஸில் மவ்தாக் ஆறு கடலோடு சேரும் இடத்தில் தென்கரையில் ஃபேர்போர்ன், வடகரையில் பார்மவுத். இரண்டுக்கும் நடுவே 1867-இல் திறந்த மரப்பாலம். ரயில் போகும், ஓரமாக நடந்தும் போகலாம். பர்மிங்ஹாமில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நானும் மனைவியும் இரு கரையிலும் வீடு தேடி, பார்மவுத்தில் வாங்கினோம். அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கடற்கரை, மலை, பர்மிங்ஹாம் பக்கம் போகும் ரயில் எல்லாம் இரண்டுக்கும் பொது. பெரிய ஆஸ்பத்திரிக்கு பாங்கரோ அபரிஸ்ட்வித்தோ போக வேண்டியதும் பொது.

விலையை மட்டும் பார்த்தால் ஃபேர்போர்ன்தான். சமதளம், மாடிப்படி இல்லாத தனி வீடு, தோட்டம், கார் நிறுத்த இடம். மூட்டுவலிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? அதே பணத்துக்கு பார்மவுத்தில் கிடைப்பது மலைச்சரிவில் ஒடுங்கி நிற்கும் பழைய கல்வீடு. வாசலுக்கே படியேற வேண்டும்.

அப்புறம் ஏன் இங்கே வந்தோம் என்றால், மறுவிற்பனை. ஃபேர்போர்னில் நாங்கள் பார்த்த வீட்டின் வாசல் நிலையில், வெள்ளம் வந்தால் பலகை செருகுவதற்கு இருபுறமும் உலோகச் சட்டம் வைத்திருந்தார்கள். அந்த ஊர் பெரிய ஓதத்தின் (கடல் ஏற்றத்தின்) நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்தது; கடலை வெளியே நிறுத்தியிருப்பது தடுப்புக்கரைகள்தான். 2054-க்குப் பிறகு அவற்றைப் பராமரிப்பதில்லை என்பது இந்தப் பகுதியின் உள்ளாட்சியான குவினெத் கவுன்சில் ஏற்றுக்கொண்ட கடலோரத் திட்டம். 2014-இல் அந்தச் செய்தி பரவியதிலிருந்து அங்கே வீட்டுக்கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு.

கணக்கு எளிது. முப்பது வருடக் கடன் இன்று வாங்கினால் 2054-ஐத் தாண்டிவிடும். எந்த வங்கி கொடுக்கும்? ஆகவே முழுத்தொகையும் கையில் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர், அடித்துப் பேரம் பேசுவார்கள். இன்று நமக்கு மலிவாகக் கிடைப்பதும் அதனால்தான், நாளை நாம் விற்கும்போது விலை படியாததும் அதனால்தான். பிள்ளைகள் 2045-இல் விற்க நினைத்தால், வாங்குபவர் கண்ணில் படுவது மிச்சமிருக்கும் ஒன்பது வருடம்தான். வெள்ளக் காப்பீட்டின் செலவைத் தாங்கிப் பிடிக்கும் ஃப்ளட் ரீ ஏற்பாடும் 2039-இல் முடிகிறது.

ஆனால் அந்த 2054 கல்லில் வெட்டிய தேதி இல்லை. ஊர்க்காரர்கள் பலர் அதை ஏற்பதே இல்லை, ரொக்கம் கொடுத்து வாங்குபவர்கள் இன்றும் வருகிறார்கள். எழுபது வயதில், யாருக்கும் விட்டுச்செல்லும் கவலை இல்லாதவர் தோட்டத்தோடு நிம்மதியாக இருக்க நினைத்தால், அது புத்திசாலித்தனமான முடிவாகவே இருக்கலாம்.

பார்மவுத் மட்டும் கடலுக்கு விதிவிலக்கா என்ன? துறைமுகத்தை ஒட்டிய தெருக்கள் தாழ்வானவை, அந்தப் பக்கம் நாங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காற்றடித்தால் கடற்கரை மணல் சாலைக்கு வந்துவிடும். சரிவில் இருக்கும் கல்வீட்டுக்குத் தொல்லை வேறு: ஈரம் கோக்கும் சுவர், நழுவும் ஸ்லேட் ஓடு. ஓடு சில பவுண்டுதான், அதை மாட்டச் சாரம் கட்டும் கூலிதான் மலைக்க வைக்கும். இருந்தாலும் இது காசு கொடுத்தால் தீரும் தொல்லை.

டாக்டர், மருந்துக்கடை, சூப்பர் மார்க்கெட் எல்லாம் நடக்கிற தூரம். ஃபேர்போர்ன்காரர்கள் இவற்றில் பலவற்றுக்குப் பாலம் தாண்டி இங்கேதான் வருகிறார்கள். வீட்டுக்கு மேலே ஏறினால் தினாஸ் ஒலை என்ற மலைச்சரிவு, 1895-இல் இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கிடைத்த முதல் நிலம். கோடையில் தெரு முழுக்க எங்கள் பழைய பர்மிங்ஹாம் பேச்சுதான். குளிர்காலத்தில் பாதி ஜன்னல்களில் விளக்கு இருக்காது. இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களிடம் கவுன்சில் வரிக்கு (உள்ளூர் வீட்டு வரிக்கு) மேல் வாங்கும் கூடுதல் வரியை 2023 ஏப்ரலில் 150 சதவீதமாக உயர்த்தினார்கள். எங்கள் தெருவில் அதனால் விளக்குகள் கூடியதாகத் தெரியவில்லை.

அக்கம்பக்க ஒட்டுறவு ஃபேர்போர்னில் அதிகம் என்றே படுகிறது. ஆனால் நான் அங்கே போய்வருபவன்தான், ஒரு ஜனவரியைக்கூடக் கழித்ததில்லை. அங்கேதான் வாங்குவேன் என்பவர்கள் ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள். விலை பேசும் முன் அந்த முகவரிக்குக் காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.